விமானத்தோடு ஒரு செல்ஃபி

– அழிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

– அழிச்சிட்டேன் சார்.

– எதுலேர்ந்து?

– போன்லேர்ந்து அழிச்சேன், நம்ம ஃபயர் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து அழிச்சேன். சத்தியமா சார், இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல.

– உன்கிட்ட இல்ல, ஊர் பூரா இருக்கே! காலையில விழுந்த குட்டி விமானம் இன்னும் அந்த நாணல்காட்டுச் சேத்துலயேதான் கிடக்கு. அதுக்குள்ள உன் மூஞ்சி உலகத்தைச் சுத்தி வந்துடுச்சு. டீ குடிக்கப் போனா கடைக்காரன் கேட்குறான், ‘சார், அந்தச் சிரிச்சவரு உங்க ஸ்டேஷனாமே’ன்னு. டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

– நான் சிரிக்கலை சார்.

– பின்னே? இருக்கிற பல்லு அத்தனையும் தெரியுது.

– வெயில் சார். கண்ணு கூசுச்சு. கண்ணைச் சுருக்கினா என் மூஞ்சி அப்படித்தான் போகும். என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க, எங்க கல்யாண போட்டோலகூட...

– வாயை மூடு. உள்ள சீட்டுல ஒரு மனுஷன் தலை தொங்கிக் கிடக்கான். வெளிய நீ ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிற. தலைமை ஆபீஸ்லேர்ந்து இன்னும் கொஞ்ச நேரத்துல ஆள் வர்றாங்க. உன் ஆளு தீயணைக்கப் போனானா, போட்டோ பிடிக்கப் போனானான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?

– நான் போனப்பவே பைலட் உயிரோட இல்ல சார். உடைஞ்ச கண்ணாடி வழியா கையை விட்டு நாடி பார்த்தது நான்தான். பெட்ரோல் வேற சொட்டுது. நுரை வண்டி வர்ற வரைக்கும் தள்ளி நில்லுன்னு வாக்கி டாக்கில கத்துனது நீங்கதான். நின்னேன். சும்மா நிக்கிற நேரத்துல...

– சும்மா நிக்கிற நேரத்துல செல்ஃபி.

– பழக்கம் சார். எந்த வேலைக்குப் போனாலும் ஒண்ணு எடுத்து குரூப்புல போடுறதுதானே? அட்டைக் கிடங்கு எரிஞ்சப்ப போட்டோம். லாரி கவுந்தப்ப போட்டோம். நீங்களே கட்டைவிரல் காட்டுவீங்க. இதுக்கும் காட்டியிருந்தீங்க சார்.

– நான் எங்கய்யா காட்டினேன்?

– காட்டியிருந்தீங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன்.

– அது கை பட்டிருக்கும்.

– பட்டிருக்கும் சார். ஆனா ஒண்ணு, தப்பா நினைக்காதீங்க. குரூப்புல இருக்கிறது நம்ம ஆளுங்க மட்டும்தான். குரூப்பை விட்டு அதை வெளிய எடுத்துக்கிட்டுப் போனது யாரு?

– அதைத்தான் விசாரிக்கணும்.

– விசாரிக்கவே வேண்டாம் சார். முதல்முதல்ல அதை வெளிய போட்டவரு, மேல என்ன எழுதியிருக்காரு தெரியுமா? ‘எங்க அத்தானோட ஸ்டேஷன் சிங்கம்’னு.

– கதவைச் சாத்து.

– சாத்தித்தான் சார் இருக்கு.

– இன்னும் நல்லா சாத்து. அவன் நச்சரிச்சான்யா. ‘விமானம் விழுந்துச்சாமே அத்தான், காட்டுங்க அத்தான், காட்டுங்க அத்தான்’னு. மச்சான்தானேன்னு அனுப்பித் தொலைச்சேன். அந்தத் தடியன் அதைத் தூக்கி நடுவீதியில போட்டுட்டான். கேட்டா, ‘உங்களைப் பெருமையாத்தானே எழுதியிருக்கேன்’கிறான். உன் அண்ணிகிட்ட சொன்னா, ‘என் தம்பிக்கு விவரம் பத்தாது, உங்களுக்கு எங்க போச்சு’ன்னு என்னையே கேட்குறா.

– அண்ணி கேட்டது சரிதானே சார்?

– சரி தப்பு அப்புறம் பார்க்கலாம். நான் என்ன சொல்றேன்னா, நீ மட்டும் மாட்டினா உனக்கு சஸ்பென்ஷன். நானும் சேர்ந்து மாட்டினா உன்னைத் தூக்கிவிட ஆளே இருக்காது. எடுத்ததும் நான், அனுப்பினதும் நான்னு ஒத்துக்கோ. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.

– நல்லா இருக்கு சார் நியாயம். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. பெரியவ பள்ளிக்கூடத்துலேர்ந்து பாதியில வீட்டுக்கு வந்துட்டா. உங்கப்பா பொணத்துக்குப் பக்கத்துல நின்னு சிரிக்கிறாருன்னு ஒரு பையன் போன்ல காட்டினானாம். சம்சாரம் போன் பண்ணி, ‘இன்னைக்கு நீங்க லேட்டாவே வாங்க’ங்கிறா. என் வீட்டுக்கு நானே திருடன் மாதிரி போகணும். இதுல உங்க மச்சான் பண்ணினதையும் நானே சுமக்கணுமா?

– கத்தாதே. வெளிய யாரோ நிக்கிற மாதிரி இருக்கு.

– அதைச் சொல்லத்தான் சார் உள்ள வந்தேன், நீங்க பேச விடலை. ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க. அந்த போட்டோவைப் பத்திப் பேசணுமாம்.

– போச்சு. பைலட்டோட வீட்டம்மா.

– அப்படித்தான் சார் இருக்கணும். கண்ணு ரெண்டும் வீங்கிப் போயிருக்கு.

– இங்க பாரு. அவங்க உள்ள வந்த உடனே நீ மன்னிப்பு கேட்குற. கால்ல விழாத குறையாக் கேட்குற. அழுகை வருமா உனக்கு?

– காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்.

– நல்லதாப் போச்சு, அடக்காதே. அவங்க திட்டினா வாங்கிக்கோ, அடிச்சாலும் வாங்கிக்கோ. புகார்னு ஒரு வார்த்தை மட்டும் அவங்க வாயிலேர்ந்து வரக் கூடாது. கூப்பிடு... வாங்கம்மா, வாங்க. இப்படி உட்காருங்க. ஃபேனைப் பெருசா வைய்யா.

– இருக்கட்டுங்க. நான் உட்கார வரலை. ஒரே ஒரு விஷயம்...

– நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்மா. எங்களுக்குப் புரியுது. நடந்தது மகா தப்பு. இவன்தான் அது. கேளுய்யா.

– அம்மா, என்னை மன்னிச்சிடுங்கம்மா. அறிவில்லாம பண்ணிட்டேன். அவரு உள்ள இருக்கிறப்ப நான் அப்படி நின்னிருக்கவே கூடாது. உங்க வீட்டுப் பெரிய பொண்ணு, சின்னப் பொண்ணு யாராவது அதைப் பார்த்திருந்தா...

– அழாதீங்க தம்பி. கோவிச்சுக்க நான் வரலை. அந்தப் படம்...

– அழிச்சாச்சும்மா! நானே பக்கத்துல நின்னு அழிக்கச் சொன்னேன். இவன் போன்ல இல்ல, குரூப்புல இல்ல. வெளிய சுத்துறதையும் எடுக்கச் சொல்லிடலாம்.

– அழிச்சிட்டீங்களா?

– சுத்தமா.

– ஐயோ, ஏங்க அழிச்சீங்க? அதுக்காகத்தானே நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்?

– எதுக்கும்மா? கேஸ் போடவா? நான் என்ன சொல்றேன்னா, கேஸுனு போனா உங்களுக்குத்தான் அலைச்சல்...

– கேஸெல்லாம் இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க, என்னைக் கொஞ்சம் பேச விடுங்க. என் போன்ல வந்திருக்கிற படம் யார் யார் கையோ மாறி வந்தது. பெருசாக்கிப் பார்த்தா எல்லாம் கட்டம் கட்டமா உடையுது. முதல்ல எடுத்ததுன்னா தெளிவா இருக்கும்னு என் நாத்தனார் பையன் சொன்னான்.

– அவரோட கடைசி முகத்தை எதுக்கும்மா தெளிவாப் பார்க்கணும்? வீட்டுல நல்லபடியா எடுத்த படம் இருக்கும்ல, அதை வச்சுக்குங்க.

– நீங்க யாரைச் சொல்றீங்க?

– உங்க வீட்டுக்காரரைத்தான்மா. பைலட் சாரை.

– நான் பைலட்டோட சம்சாரம் இல்லீங்க.

– அப்ப தங்கச்சியா?

– நான் மெக்கானிக்கோட சம்சாரம். அந்த விமானத்தை வச்சிருக்கிற ஃப்ளையிங் கிளப் ஷெட்டுல என் வீட்டுக்காரருதான் என்ஜின் வேலை பார்க்கிறாரு. ரிப்பேர் பார்த்து முடிச்ச விமானத்தை முதல்முதல்ல மேல எடுக்கிறப்ப அந்த பைலட் தனியா ஏற மாட்டாராம். ‘நீ முடுக்கின போல்ட்டை நம்பி நான் போறேன்ல, நீயும் வந்து உட்காரு’ன்னு இவரையும் ஏத்திக்குவாராம். விளையாட்டா ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. கிளப்புல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு பேரையும் தொலைச்சிடுவாங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லிச் சிரிப்பாரு. இந்த விமானத்தையும் நேத்துதான் ரிப்பேர் பார்த்து முடிச்சாரு.

– அம்மா, கிளப்புக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் நாங்க கிளம்பினோம். உள்ள ஒரே ஆளுன்னு தெளிவாச் சொன்னாங்க.

– என்கிட்டயும் அதைத்தான் சொல்றாங்க. உங்க வீட்டுக்காரர் இந்தக் களேபரத்துல எங்கயாவது போயிருப்பாரு, வந்துடுவாருங்கிறாங்க. அவரு சைக்கிள் ஷெட்டு வாசல்லயே நிக்குது. போன் சட்டைப் பையிலயே இருக்கு, சட்டை ஆணியில தொங்குது. அப்புறம் இந்தப் படம் வந்துச்சு. எல்லாரும் இவர் சிரிக்கிறதைப் பார்த்தாங்க. நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

– பக்கத்து சீட்டு காலிதானேம்மா?

– காலிதான். ஆனா மஞ்சளா ஒண்ணு தெரியுது பாருங்க. அவருக்கு இடுப்பு வலி. எங்க உட்கார்ந்தாலும் முதுகுக்கு ஒரு குஷன் வேணும். பிள்ளைங்க ரூம்ல போட்டிருந்த பழைய திரைச்சீலையைக் கிழிச்சு நான்தான் தைச்சுக் கொடுத்தேன். மஞ்சள் துணியில வாத்து வாத்தா இருக்கும். ஷெட்டுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க, அப்பவும் விட மாட்டாரு. என் படத்துல மஞ்சள்தான் தெரியுது, வாத்து தெரியலை. அது இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க, நான் போயிடுறேன்.

– சார்...

– நீ சும்மா இரு. அம்மா, அது வேற எதுனா துணியா இருக்கும். படம்தான் அழிஞ்சு போச்சே.

– அழிச்சது போன்ல குப்பைத் தொட்டியில கொஞ்ச நாள் கிடக்கும் சார். எடுத்துடலாம்.

– இங்க வா. கிட்ட வா. தலைமை ஆபீஸ் ஜீப்பு இப்ப வந்து நிக்கப் போகுது. அந்த நேரத்துல படம் உன் போன்ல இருந்துச்சுன்னா, நீதான் எடுத்தேங்கிறதுக்கு வேற அத்தாட்சியே வேண்டாம். உன் வேலை அதோட முடிஞ்சுது. புரியுதா?

– புரியுது சார். அவங்க முகத்தை ஒரு தடவை பாருங்க. வேலை போனா போகட்டும்... இதோ வந்துடுச்சு. பெருசாக்குறேன் பாருங்கம்மா. சீட்டு... மஞ்சள்...

– இருக்கா தம்பி?

– இருக்கும்மா. வாத்து இருக்கு.

– கடவுளே.

– பதறாதீங்கம்மா. குஷன் பாட்டுக்கு எப்பவும் அங்கயே கிடக்கிறதா இருக்கும். அதை வச்சு ஆளு இருந்தாருன்னு சொல்லிட முடியுமா?

– சார், பக்கத்து சீட்டு பெல்ட்டைப் பாருங்க. திறந்து கிடக்கு.

– நீங்கதான்யா அறுத்திருப்பீங்க.

– பைலட்டோட பெல்ட்டைத்தான் சார் அறுத்தோம், அதுவும் நுரை அடிச்சதுக்கு அப்புறம். இது அதுக்கெல்லாம் முன்னாடி எடுத்தது. நாடி பார்க்க நான் கையை விட்டது பைலட் பக்கம்தான், இந்தப் பக்கம் நாங்க யாரும் தொடவே இல்ல. பெல்ட்டு அறுந்தும் போகலை, பட்டனை அமுக்கிக் கழட்டியிருக்கு. இந்தப் பக்கக் கதவு வேற திறந்து தொங்குது. விழுந்த வேகத்துல திறந்துக்கிச்சுன்னு நினைச்சேன் சார்.

– அப்ப அவரு...

– அவரே கழட்டிக்கிட்டு இறங்கியிருக்காரு சார். உயிரோட இறங்கியிருக்காரு.

– ஏன்யா, சுத்தி ஆளு இருக்கான்னு நீங்க தேடவே இல்லையா?

– ஒரு ஆளுன்னு சொன்னாங்க, ஒரு ஆளை எடுத்தோம், பைப்பைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பிட்டோம். அடிபட்ட மயக்கத்துல அந்த நாணலுக்குள்ள எங்கயோ விழுந்து கிடக்காரு சார். காலையிலேர்ந்து கிடக்காரு.

– மணியை அடி. வண்டியை வெளிய எடுக்கச் சொல்லு. ஸ்ட்ரெச்சர், விளக்கு, எல்லாத்தையும் ஏத்து. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்.

– ஜீப்புக்காரங்க வந்தா சார்?

– வரட்டும், படத்தை அனுப்பினது நான்தான்னு நானே சொல்லிக்கிறேன். நீ வண்டியில ஏறு. இன்னும் கொஞ்சத்துல இருட்டிடும்யா. அந்த நாணல் ஆளை முழுங்குற உசரம், முடியுற இடமும் தெரியாது. எந்தப் பக்கம்னு போய்த் தேடுறது?

– தேட வேண்டாங்க.

– என்னம்மா சொல்றீங்க? அந்த போனைக் கொடுங்க, நேரம் ஆகுது.

– தம்பி, நீங்க சீட்டையே பார்க்குறீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க, நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, உங்க தோளுக்குப் பின்னால. நாணலுக்கு மேல ஒரு கை தெரியுது பாருங்க. அவருதான். உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு.