வாறேன் என்று போன இருபத்தொரு குரல்கள்

முப்பத்தொரு ரூபாய். 1954-இல் தலைநகரப் பரிசளிப்பு விழாவில் தங்கள் பாடற்குழுவான கொயர் வென்றுவந்த வெள்ளிக் கோப்பையை உரசிப் பார்த்து நெய்யாற்றின்கரைத் தட்டான் சொன்ன விலை அது. பாட்டுக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டோம். தராசில் நிற்காத சரக்குக்குத் தாம் விலை பேசுவதில்லை என்றார். அந்தச் சரக்கின் சொந்தக்காரரே, இருபத்தெட்டு ஆண்டுகள் ஆர்மோனியத்தின் பின்னே அமர்ந்து அடுத்தவர் குரலையே அழகாக்கிய அண்ணலே, சனிக்கிழமைகளின் சக்கரவர்த்தியே, பாட்டு வாத்தியார் கனகதாஸ் சாரே, வணக்கம்.

அன்று பாடிய இளையோர் இருபத்திரண்டு பேர். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைக் கிளர்ச்சி கொதித்த காலம். முன்வரிசையில் நின்ற ரெத்தினதாசின் தகப்பனார் சிறையில். வானொலி அந்த விழாவை ஒலிபரப்பியது. வெள்ளறடைச் சாயாக்கடையில் தமிழுக்கொரு பெஞ்சு, மலையாளத்துக்கொரு பெஞ்சு என்று பிரிந்திருந்து வாதாடியவர்களை, “பாட்டு தீருற வரைக்கும் எவனும் வாய் தொறக்கப்பிடாது. தொறந்தா சாயா இல்ல, ஆக்கும்” என்று கடைக்காரர் கிருஷ்ணன்குட்டி அடக்கினார். பாட்டு முடிந்த பிறகும் சாயா கேட்க எவருக்கும் வாய் வரவில்லை.

பின்னர் எல்லைக்கோடு விழுந்தது. குழித்துறை அந்தப் பக்கம், தமிழகத்தில்; நாம் இந்தப் பக்கம், கேரளத்தில். வேலைக்கும் படிப்புக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கடந்தார்கள். நம்மூரில் போகிறவர் ‘போறேன்’ என்பதில்லை. ரெத்தினதாசும் “வாறேன் சாரே” என்றுதான் பஸ் ஏறினான். ஊருக்கு விடைபெறும் சொல்லாய்க் கேட்டதைத் தாங்கள் வாக்குறுதியாய் வாங்கிக்கொண்டீர்கள். கொயர் பதிவேட்டில் ஒரு பெயரையும் வெட்டவில்லை. சனிக்கிழமை மாலைதோறும் பெயர் பெயராய் அழைத்து, ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, வராதவர் பெயருக்கு நேரே ‘வாறேன்’ என்று எழுதினீர்கள். வராந்தாவில் நின்று நாங்கள் சிரித்ததுண்டு.

“சிரிங்க மக்கா. அவன் வந்து பேரு இல்லேன்னா, பதில் சொல்லுகது நானல்லவா” என்றீர்கள்.

பிறகு சிரிப்பு வரவில்லை. ஓராண்டாக அந்த அறையில் பதில் சொல்லும் குரல் ஒன்றுதான்: அன்று பாடியவர்களில் ஒருத்தியாய் இருந்து, இங்கேயே தையல் ஆசிரியையாகிவிட்ட சுகிர்தபாயுடையது.

ஆசிரியர் ஓய்வு பெற்றால் பழைய பதிவேட்டை மூடிவிடுவது வழக்கம். இதை மூடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இனி சுகிர்தபாய் பெயர் அழைப்பார். பேச்சுத்துணையற்ற வீட்டுக்குப் பொன்னாடையோடு தங்களை அனுப்புகிற எங்களால் இயன்றது இவ்வளவே. உடல்நலமும், பிசகாத செவியும், கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஓர் ஆளும் தங்களுக்கு நெடுநாள் வாய்க்கட்டும். படியிறங்கும்போது தாங்களும் அந்தச் சொல்லையே சொல்லிச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
உடன் பணியாற்றிய ஆசிரியர்கள்
பாறசாலை, 31 மார்ச் 1958

பதிவேட்டின்படி: பெயர்கள், இன்று சேர்த்த தங்கள் பெயரோடு, இருபத்துமூன்று. இருப்பவர் ஒருவர். வரவேண்டியவர் இருபத்திரண்டு.