கோகுலன் விற்ற ஊசி

– டூப்ளிகேட் எண்டு என்னட்டச் சொல்லியிருந்தாப் பரவாயில்லை றிப்தி. ஊருக்கெல்லாம் எதுக்குச் சொன்னனீ?

– கேட்ட ஆக்களுக்குச் சொன்னன் மச்சான். காது சொல்லுறதத்தான் வாய் சொல்லும், விளங்குதா?

– ஆர் கேட்டது?

– அஸ்ஹான். 'கோகுலன்ட கடையில ரெக்கோட் பிளேயர் எடுக்கப்போறன், சாமான் நல்லமா?' எண்டு கேட்டான். உன்னட்ட வாங்கின ஊசி மங்கல், பாட்டு தலகாணியால பொத்தின மாதிரிக் கிடக்கு எண்டு சொன்னன். பின்ன, பொய் சொல்லச் சொல்லுறியா?

– டேய், உப்புவெளியில அவன்ர கெஸ்ட் ஹவுஸுக்கு முழு செற்றும் நான்தான் குடுக்கிறதா இருந்தது. மில்லு வேலைய விட்டுப்போட்டுத் திறந்த கடை, உனக்குத் தெரியாதா? முதல்முதலா வந்த பெரிய ஓடர். இப்ப அவன் சொல்லுறான், 'றிப்தி நல்லம் எண்டால் எடுக்கிறன், இல்லாட்டி விடுங்கோ' எண்டு.

– சொல்லுவான்தானே! எவ்வளவு காலமா ஸ்பீக்கர் செற் கட்டுறன் நான்? கலியாணம், கந்தூரி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் ஒண்டு விடல்ல. என்ட காதக் கேளாம இந்த ஊரில ஒருத்தன் வயர் இழுக்க மாட்டான்.

– அதுதான்டா எனக்குப் பயம். நீ கூடாது எண்டால் கடைக்குப் பூட்டுத்தான்.

– கோகுலன் அண்ணன், வந்ததும் வராததுமாச் சண்டையா? முதல்ல தேத்தண்ணியக் குடிங்க. இவர்ட கதையக் கேட்டா ஆறிப் போயிரும்.

– சனூஸா, நீங்களே சொல்லுங்கோ. உங்கட மனுசனுக்கு நான் டூப்ளிகேட் சாமான் தருவனா? பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள்.

– எனக்கென்ன தெரியும் அண்ணன்? ஒரு மாசமா இந்தப் பெட்டிக்கு முன்னால குந்திக்கொண்டு 'மங்கல், மங்கல்' எண்டு புலம்புறார். சோறு போட்டா, 'பொறு, இந்தப் பாட்டு முடியட்டும்' எண்டுறார். பாட்டு முடிஞ்சா, 'பாத்தியா மங்கல்' எண்டுறார்.

– சரி. பொறு பொறு. ஆத்திரப்படாம ஒண்டொண்டாப் பாப்பம். நான் சும்மா வரேல்லை. உனக்கு வித்த அதே ஊசியில புதுசு ஒண்டு கொண்டு வந்தனான், பெட்டி உடைக்கேல்லை. என்ர வீட்டில நான் கேக்கிற சொந்தக் காட்ரிஜையும், அதான் ஊசி பூட்டுற தலைய, கழட்டிக்கொண்டு வந்தனான். பிளேயரின்ர மூடியத் திற.

– திற. நல்லாப் பார். கண் இருக்கிற ஆக்கள் பாக்கட்டும், காது இருக்கிற நான் கேக்கிறன்.

– அட கடவுளே! இதென்னடா இது? ஊசிக் கைக்கு மேல ஒரு பத்து ரூபாக் குத்திக் காசு?

– அது எப்பவும் இருக்கிறதுதான்.

– எப்பவுமா? இந்தா, கள்ளன் பிடிபட்டான்! சனூஸா, வந்து பாருங்கோ.

– டேய், கலியாண வீட்டில பந்தலுக்குள்ள சனம் அங்கயும் இஞ்சயும் ஓடேக்க பலகை ஆடும். பலகை ஆடினா ஊசி பாயும். மாப்பிள்ள வாற நேரம் பாட்டுப் பாய்ஞ்சா மானம் போயிரும். அதால குத்தி வைக்கிறது. திருகோணமலையில செற் கட்டின எல்லாரும் அப்பிடித்தான் வச்சவங்க.

– அது அந்தக் காலத்து முரட்டு ஊசி, தாங்கும். இது மெல்லிசு. இதுக்கு ரெண்டு கிராம் பாரம்கூட வேணாம். ஓராள் ஓடுற சைக்கிளில நாலு பேரை ஏத்தினா ரயர் என்னத்துக்காகும்? வெளிச்சத்தில பிடிச்சுப் பார், ஊசி மேலால வளைஞ்சு போச்சு. குற்றவாளி குத்திதான்!

– நான் குத்தி வைக்க முதலே மங்கல்தான்.

– பொறு, புது ஊசியப் போட்டுப் பாப்பம். குத்தி இல்லாம.

– அண்ணன், ஊசி எண்டா ஊசிதானே? முன்னால இருந்தத மாத்தி இத ஏன் போட்டீங்க? இவர் கேட்டா ஒழுங்காச் சொல்றதில்ல, 'உனக்கு விளங்காது' எண்டுட்டுப் போறார்.

– விளங்காமல் என்ன? தட்டில இருக்கிற கோடு ஒரு வாய்க்கால் எண்டு வைங்கோ. ரெண்டு பக்கச் சுவரிலயும் பாட்டு நெளிஞ்சு நெளிஞ்சு வெட்டிக் கிடக்கு. பழைய ஊசியின்ர முனை உருண்டை. பெரிய நெளிவில எல்லாம் போகும், சின்ன நெளிவுக்குள்ள இறங்கேலாது. இதின்ர முனை முட்டை மாதிரி, ஒரு பக்கம் ஒடுக்கம். அது எல்லா மூலைக்குள்ளயும் போய்த் தொடும்.

– ஓ… சட்டிய அகப்பையால வழிக்கிறதுக்கும் கரண்டியால வழிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

– அதேதான்! நானும் இத்தினை பேருக்கு விளங்கப்படுத்தினனான், இப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை.

– ரெண்டு பேரும் சமைச்சு முடிச்சாப் பாட்டப் போடுங்க.

– இந்தா. நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் வைக்கிறன். கேள்.

– …

– அண்ணன்! இது அந்தப் பாட்டா? அந்தப் பொம்பள பாட முதல் மூச்செடுக்கிறா! எனக்கு மூச்சு கேக்குது!

– கேக்குதுதானே! பின்னால கஞ்சிரா?

– கஞ்சிராவில கோத்திருக்கிற சில்லறை சல்லுச் சல்லு எண்டுது. இதுக்கு முதல் டப்பு டப்பு எண்டு தோல் சத்தம் மட்டும்தான் கேட்டது. யா அல்லாஹ், இவ்வளவும் இந்தத் தட்டுக்குள்ளயா இருந்த?

– றிப்தி?

– மங்கல்.

– டேய், என்ன மங்கல்?

– அப்பிடியேதான் இருக்கு. கஞ்சிரா டப்பு டப்பு எண்டுது. அவ சொல்லுற சில்லறையும் இல்ல, கல்லறையும் இல்ல. சனூஸாவுக்கு நீ வந்தாலே பாட்டு நல்லா இருக்கும். போன பெருநாளைக்கு நீ குடுத்த சேலையின்ட வேலை இது.

– போங்க அங்கால! எனக்குக் கேட்டத நான் சொல்றன்.

– பொறு பொறு. அம்பிளிபயரப் பாப்பம். இதென்ன, கீச்சுச் சத்தம் கூட்டுற ட்ரெபிள் முழுக்க வலப்பக்கம் கிடக்கு? ஆர் திருப்பினது?

– நான்தான். உன்ட ஊசி மங்கல் எண்டபடியாத் திருப்பினன். அதுக்கு மேல திருப்ப இடமில்ல.

– இது ஊசிக்கு மட்டும் இல்ல அண்ணன். கிண்ணியாவில லைலாட மகள்ட கலியாணத்திலயும் இப்பிடித்தான் முழுக்கத் திருப்பிப்போட்டார். பொண்ணுட உம்மா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து, 'தம்பி, கீச்சிடுது, குறைங்க' எண்டு கெஞ்சினா.

– அவவுக்குச் சத்தம் தெரியாது. இப்ப வாற ஸ்பீக்கர் எல்லாம் மங்கல், மைக் எல்லாம் மங்கல். சீனாச் சாமான். நான் திருப்பாட்டி முன் வரிசைக்குக்கூட மௌலவி பேசுறது விளங்காது.

– சரி. அப்ப ட்ரெபிளை நடுவுக்குக் கொண்டு வாறன். இப்ப என்ர சொந்தக் காட்ரிஜைப் போடுறன். பாத்துக்கொள், ரெண்டு சின்ன ஆணி, நாலு வயர். உடம்பும் வேற, ஊசியும் வேற. இத நான் விக்கிறதில்லை. ஜப்பானில இருந்து வந்தது. இதையும் நீ மங்கல் எண்டால் நான் கடலுக்குள்ள குதிக்கிறன்.

– குதிக்க வசதியான இடம்தான். வீட்டு வாசலில துறைமுகம்.

– கேள்.

– அண்ணன், இது அதையும் விட… வயலின்காரன் வில்ல இழுக்கேக்க நரம்பு உரசுறது கேக்குது. தேன்.

– றிப்தி, நீ சொல்லு.

– சொன்னாக் கோவிக்காத.

– சொல்லன்டா!

– மங்கல். முன்னத்தையும் விட மங்கல். ஜப்பான்காரன் உன்ன ஏமாத்திட்டான் மச்சான். எனக்குத்தான் கவலையா இருக்கு.

– உனக்கு என்ன வந்தது றிப்தி? உண்மையாத்தான் சொல்லுறியா, இல்ல நான் மில்ல விட்டுக் கடை போட்டது உனக்கு…

– டேய்! அந்தக் கதை கதைக்காத. நீ கடை திறந்த அண்டைக்கு ஸ்பீக்கர் கட்டினது ஆரு? உன்ட கடை நல்லா வரணும் எண்டு துஆ கேட்டவன் நான். அதுக்காகக் கூடாதத நல்லம் எண்டு எப்பிடிச் சொல்லுற? என்னட்ட இருக்கிறது இந்தக் காது ஒண்டுதான். அதையும் பொய் சொல்லப் பழக்கினா, பிறகு நான் ஆரு?

– சரி சரி, விடு. பிழையாச் சொல்லிப்போட்டன்.

– இஞ்ச, சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். பக்கத்து வீட்டில புள்ள நித்திர.

– பொறுங்க. கேட்டீங்களா? கப்பல்.

– எங்க?

– ஊதுறான். வெளி முனையத் தாண்டி வாறான், பெரிய கப்பல். இப்பத்தான் உள்ளுக்குத் திரும்புறான்.

– எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. ஆ… ஓம், இப்ப கேக்குது.

– பாத்தியா? நீ கேக்க முதல் நான் கேட்டுட்டன். இந்தக் காதத்தான் நீ பிழை எண்டுற.

– காது பிழை எண்டு நான் எப்ப சொன்னனான்? உன்ர காதில ஆருக்குச் சந்தேகம்? எனக்கு விளங்காதது அதுதான். உன்ர காதும் சரி, என்ர ஊசியும் சரி. அப்ப எது பிழை? பொறு, ஒரு வழி இருக்கு. நான் விக்கிற அந்தப் புது ஊசியையே திரும்பப் பூட்டுறன். இந்த ரெக்கோட்டைப் பார்.

– ஆர்ட பாட்டு?

– பாட்டில்லை. பிளேயர் சோதிக்கிறதுக்கெண்டு அடிச்ச தட்டு. வெறும் சத்தம். ஆக அடியில தொடங்கி ஒவ்வொரு கோட்டிலயும் ஒரு படி மேல ஏறும். எந்தப் படியில சத்தம் நிக்குதோ அதோட ஊசியின்ர வண்டவாளம் தெரிஞ்சிடும். இதில பக்கமும் இல்லை, சேலையும் இல்லை.

– இப்பத்தான் ஒழுங்கான கதை கதைக்கிற. அப்ப நான் கதிரைய ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுறன். துறைமுகத்தப் பாத்துக்கொண்டு இருக்கிறன். நீ என்ன செய்யிற எண்டு திரும்பிப் பாக்க மாட்டன். கேக்கக் கேக்கச் சொல்லுறன்.

– ஒவ்வொரு படிக்கும் ஊசியத் தூக்கி வைப்பன். கடைசிப் படி மட்டும் நீ கேட்டால் போதும்.

– கேக்காட்டி?

– கேக்காட்டி ஊசி பழுது. நீ சொன்னதை நான் ஏத்துக்கொள்ளுறன். கேட்டால், நீ அஸ்ஹானுக்கு இப்பவே போன் எடுத்து 'பிழையாச் சொல்லிட்டன், கோகுலன்ட சாமான் நல்லம்' எண்டு சொல்லுறாய். சரியா?

– சரி. சனூஸா, நீ வாய் திறக்கக் கூடாது.

– நான் ஏன் திறக்கிறன்? எனக்கும் பாக்க ஆசையா இருக்கு. வைங்க அண்ணன்.

– முதலாவது.

– கேக்குது. கதிரைக் கால் நடுங்குது. நல்ல அடிச் சத்தம். ஆனா உன்ட இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு சொட்டுக் குறைவு, வயர் லூஸ் போல.

– அட பாவி, ஓம்! வயர் லூஸ்தான். இந்தா இறுக்கிட்டன். உன்னோட ஏலாதடா. ரெண்டாவது.

– கேக்குது. ஆம்பிளக் குரல் மட்டம்.

– மூண்டாவது.

– ஆ. நாகசுரம் தொடங்குற இடம். சுத்தமா இருக்கு மச்சான், உண்மையச் சொல்லணும். இதில ஒரு குறையும் இல்ல.

– பாத்தியா! நாலாவது.

– கேக்குது… கொஞ்சம் தூரத்தில. பள்ளிக்கூட விசில் மாதிரி. மெதுவா வச்சிருக்க, கூட்டு.

– கூட்டினனான். இப்ப?

– ஓம், இப்ப சரி. அடுத்ததப் போடு. எத்தின படி இருக்கு?

– பத்து இருக்கு. இனித்தான் கஞ்சிராச் சில்லறை வாற உயரம். அஞ்சாவது. வைக்கிறன்.

– வை.

– …

– வையன்டா.

– …

– அல்லாஹ்வே! குறைங்க அண்ணன், குறைங்க! பல்லெல்லாம் கூசுது!

– ஹா! பாத்தியா மச்சான், பாத்தியா? நீ ஊசிய வைக்க முதலே இவவுக்குப் பல்லுக் கூசுது! இதத்தான் நான் முதல்ல இருந்து சொல்லுறன். இவ உன்ட பக்கம்! சரி, பகிடி போதும், வை.

– கோகுலன் அண்ணன்… இவருக்கு… அது இப்ப…

– சனூஸா. பொறுங்கோ.

– என்னடா குசுகுசுக்கிறீங்க? திரும்பட்டா?

– திரும்பாத. அப்பிடியே கடலைப் பாத்துக்கொண்டு இரு. ஊசிய வச்சனான் மச்சான், சத்தம் வரேல்லை. நீ சொன்னதுதான் சரி, என்ர சாமான் டூப்ளிகேட். அஸ்ஹானுக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன்.