காஜா பெராங் பள்ளியை மூடச் சொன்ன சந்திரமதி அம்மையாருக்கு

மணியடிக்கும் முன்னே வந்து, மணியடித்த பின்னும் போக மனமில்லாத மாண்பே! கடுஞ்சொல் அறியாத கண்டிப்பே! மலாக்கா ஆற்றுப் பாலத்தை நாளும் நடந்தே கடந்து, எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் ஆறாண்டுகள் அமைதியாய் நின்று, 'நானும் ஒரு காலத்தில் தலைமையாசிரியைதான்' என்று ஒருநாளும் வாய் திறவாத பெருந்தகையே! முப்பத்தாறு ஆண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் எங்கள் அன்புக்குரிய சந்திரமதி அம்மையீர்! வணக்கம்! வணக்கம்!

மடல் என்றால் முகத்துக்கு நேரே புகழ்வதுதான் முறை. ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அம்மையார் பாதியில் எழுந்து போய்விடுவார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். ஆதலால் அம்மையார் அமர்ந்திருக்க, அவையோரே, அவர் கதையை உங்களுக்குச் சொல்லுகிறோம்.

காஜா பெராங்கில், கோயில் தெருவைத் தாண்டித் தென்னைகள் முடிகிற இடத்தில், மூன்று அறைகளும் தகரக் கூரையுமாக ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது. நிலம், ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் சமது அவர்களின் தந்தையார் கொடுத்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கட்டடத்தில் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டி வைத்திருந்தார்கள். சண்டை ஓய்ந்ததும், கணவரை இழந்து தனி மனுஷியாக நின்ற அம்மையார், நாலு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு போய் அழுகல் வாடை போகக் கழுவி, கூரையின் ஓட்டைகளை அடைத்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தார். கரும்பலகைக்கு அவரே கரி அரைத்துப் பூசினார். அந்தப் பள்ளி அரசாங்கத்தின் பெயரில் நடந்தாலும் ஊரார் வாயில் அது 'சந்திரமதி டீச்சர் பள்ளிக்கூடம்'தான்.

சுதந்திரம் வந்த மூன்றாம் ஆண்டு அந்தப் பள்ளிக்குச் சோதனை வந்தது. பிள்ளைகள் குறைந்த சிறு பள்ளிகளை நகரப் பள்ளியோடு இணைத்துவிடலாமா, ஊர் என்ன சொல்கிறது என்று மேலிடத்திலிருந்து கேட்டு வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் அதே பேச்சு. அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனார்கள். கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பள்ளியிலேயே கூட்டம் போட்டார்கள். முதல் நாள் பெய்த மழையில் வாய்க்கால் நிரம்பித் தரையெல்லாம் சேறாக இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

லோரி ஓட்டும் ராஜரத்தினம்தான் முதலில் எழுந்தார். "அங்க மண்டபம் இருக்கு, நூல்நிலையம் இருக்கு, வகுப்புக்கு ஒரு வாத்தியார் இருக்காரு. இங்க என்ன இருக்கு, சேறுதான் இருக்கு. மூடிட்டுப் போவோம்."

"ஏம்ப்பா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்கள ஒன் லோரியில ஏத்திட்டுப் போயிருவியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

அப்துல் சமது சிரிக்கவில்லை. "எங்க அத்தா இந்த நெலத்தக் குடுத்தப்போ வாடகை கேக்கல. பிள்ளைங்க சத்தம் கேட்டாப் போதும்னாரு. நாளைக்கு நீங்க மூடிட்டுச் சாவிய என் கையில குடுத்தா நான் அத வச்சிக்கிட்டு என்னா செய்யறது? பள்ளிக்கூடம் இருந்த எடத்துல கடை கட்டுறதா?"

அப்போது, யாரும் எதிர்பாராத விதமாக, பாக்கியலட்சுமி எழுந்து நின்றார். அவர் மலாக்கா செட்டி குலத்தைச் சேர்ந்தவர். காலையில் பலகாரம் விற்றுப் பிழைப்பவர். அந்த மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்து மலாய் பேசுகிறவர்கள் என்பது அவையோர் அறிந்ததே. அவர் வீட்டில் தமிழ் தெரிந்த ஒரே உயிர் அவருடைய ஒன்பது வயது மகள் ஜெயா. அம்மையார் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் மலாயில் பேசப் பேச, மகள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

அவள் தமிழைத் தெருவில் கற்றவள் அல்லள்; பாடநூலில் கற்றவள். ஆகவே அவள் சொன்னது இப்படி இருந்தது: "என் தாயார் கூறுகிறார். எங்கள் வீட்டில் சாமிக்குத் தமிழ்ப் பெயர் உண்டு. எங்களுக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. ஆனால் சாமியோடு பேசத் தமிழ் இல்லை."

பெஞ்சுகளில் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிப் போயிற்று.

"எங்கள் மொழி எப்பொழுதோ தொலைந்துவிட்டது. இந்தப் பள்ளிக்கூடம் எங்கள் வாசலில் இருந்தபடியால் அது வீட்டுக்குள் மறுபடியும் வந்தது. ஆற்றுக்கு அப்பால் என்னை அனுப்ப என் தாயாரால் இயலாது. இதை மூடினால்..."

குழந்தை நிறுத்திவிட்டாள். தாய் மெல்ல, "ஹிலாங் லாகி" என்றார்.

"மறுபடியும் தொலைந்துவிடும்" என்றாள் ஜெயா.

அவையோரே! அந்தத் தமிழ் அம்மையார் கொடுத்த தமிழ். எழுவாயும் பயனிலையும் பிசகாமல், ழகரம் வழுக்காமல், ஓர் ஊருக்கு முன்னால் ஒன்பது வயதுக் குழந்தை பேசிக் காட்டினாள். அந்த நிமிடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பள்ளி பிழைத்திருக்கும். பேர் நிலைத்திருக்கும். தலைமையாசிரியை நாற்காலி இன்றுவரை அவருக்கே இருந்திருக்கும். ஊர் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மையார் எழுந்து, "பள்ளிய மூடிடுங்க" என்றார்.

அம்மையாரே தொடர்ந்தார்.

"ஆறு வகுப்பு இருக்கு, ரெண்டு பேர் இருக்கோம். ஒண்ணாம் வகுப்புக்கு அகரம் எழுதிக் குடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள ஆறாம் வகுப்புக் கணக்கு ஆறிப் போயிடுது. இந்தப் பள்ளியிலேருந்து ஒரு பிள்ளையாவது இடைநிலைப் பள்ளிக்குப் போயிருக்கா? ஒண்ணு சொல்லுங்க. தம்பிராஜா மாதிரி கெட்டிக்காரப் பையன் எனக்குக் கெடச்சதில்ல. இப்ப எங்க இருக்கான்? கிளேபாங்ல மீன் கூடை தூக்குறான். அவன் தலையெழுத்துன்னு நீங்க சொல்றீங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் அவனுக்குக் குடுத்தது பத்தல."

"டீச்சரம்மா" என்றார் அப்துல் சமது, "இது உங்க வாயால வர்ற பேச்சா?"

"என் வாயாலதான் வரணும் பாய். வேற யாரு சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க."

இத்தனையும் நடக்கும்போது பாக்கியலட்சுமி மகளின் தோளைத் தொட்டு, டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாய் சொன்னதை ஊருக்குச் சொன்ன அதே குழந்தை, இப்போது ஆசிரியை சொன்னதைத் தாய்க்கு மலாயில் சொன்னாள். ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தத் தாயின் முகம் எப்படி மாறிற்று என்பதை அம்மையார் நின்ற இடத்திலிருந்து பார்த்தார். பாக்கியலட்சுமி சண்டை போடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

கைகளை உயர்த்தச் சொன்னபோது மூடலாம் என்ற பக்கத்துக்கு ஒரு சில கைகளே கூடுதல். அம்மையாரின் கையும் அவற்றில் ஒன்று.

வருட முடிவில் பள்ளி மூடப்பட்டது. அடுத்த தவணையில் காஜா பெராங் பிள்ளைகள் எங்கள் நகரப் பள்ளிக்கு வந்தார்கள். முன்னால் அம்மையார் நடந்தார். தலைமை தாங்கியவர் துணையாசிரியராக வந்து சேர்ந்தார். அதற்காக அவர் முகம் சுளித்ததை நாங்கள் கண்டதில்லை. மழை பெய்தால் ராஜரத்தினத்தின் லோரி வந்து நிற்கும். கூட்டத்தில் கேட்ட கேலிக்கு அவர் கொடுத்த பதில் அதுதான். ஆனால் ஊர் லேசில் மறக்கவில்லை. எத்தனையோ காலைகளில் அம்மையார் படியேறி அழைத்தபோது, பிள்ளையை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. அப்துல் சமது கடை வழியாகப் போனால் அவர் துணியளப்பதில் மும்முரமாகிவிடுவார். சலாமுக்குப் பதில் சலாம் வர இரண்டு வருடங்கள் ஆயின.

இரண்டாம் ஆண்டு காஜா பெராங்கிலிருந்து வந்த சுப்பையன் ஆறாம் வகுப்புத் தேர்வில் தேறி இடைநிலைப் பள்ளிக்குப் போனான். அந்த ஊரிலிருந்து போன முதல் பிள்ளை அவன். அவனுக்குப் பின் வழி திறந்துகொண்டது. ஆண்டுதோறும் பிள்ளைகள் போனார்கள். அவர்களில் பெண்பிள்ளைகளும் உண்டு. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி, வாழ்க என்று முடித்திருந்தால் இந்த மடல் மற்ற மடல்களைப் போலவே இருந்திருக்கும்.

ஜெயா வரவில்லை. அவள் வீட்டுக்கு அருகிலிருந்த மலாய்ப் பள்ளியில் தாய் அவளைச் சேர்த்துவிட்டார். அதில் பிழை சொல்ல யாருக்கு வாயிருக்கிறது? வீட்டு மொழியும் அதுதான். அம்மையார் சனிக்கிழமைதோறும் பாடநூலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். முதல் சில மாதங்கள் ஜெயா வாசித்தாள். பிறகு பள்ளிப் பாடம் மிகுந்தது. பிறகு பலகாரம் செய்யத் தாய்க்குக் கை தேவைப்பட்டது. பிறகொரு சனிக்கிழமை, பாக்கியலட்சுமி தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, இனி வர வேண்டாம், 'சிக்கு'வுக்கு, அதாவது டீச்சருக்கு, வயதாகிறது, வெயிலில் நடக்க வேண்டாம் என்று மலாயில் கனிவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அம்மையார் எங்களிடம் சொன்னதுண்டு.

சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் அம்மையார் அவளைப் பார்த்தார். வளர்ந்து, கபாயா உடுத்தி, கையில் பூத்தட்டோடு நின்றாள். அம்மையாரைக் கண்டதும் முகமெல்லாம் மலர ஓடி வந்து காலைத் தொட்டாள். "ஆப்பா காபார், சிக்கு?" என்று நலம் விசாரித்தாள். அம்மையார் ஒரு கணம் காத்திருந்தார். அவள் வாயிலிருந்து அடுத்த சொல்லாவது தமிழில் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. நலம்தான் என்று அம்மையாரும் மலாயிலேயே சொல்லி, அவள் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு, சாமி புறப்பாடு வரை நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எங்களில் ஒருவர் துணிந்து கேட்டார்: "அன்னைக்கு அந்தக் கூட்டத்துல தப்பு பண்ணிட்டோமேன்னு நெனைக்கிறீங்களா டீச்சர்?"

"இல்ல. சரியாத்தான் செஞ்சேன்" என்றார் அம்மையார். விடைத்தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "சரியாச் செஞ்சா வலிக்காதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

ஈடிலாப் பெருமாட்டியே! இப்போது தங்களை நோக்கித் திரும்புகிறோம். எழுந்து போய்விட வேண்டாம், முடிக்கப் போகிறோம். தங்கள் தோளில் இன்று போர்த்தப்படும் பொன்னாடை அப்துல் சமது அவர்கள் கடையிலிருந்து வந்தது. விலை கேட்டோம்; சொல்ல மறுத்துவிட்டார். "டீச்சரம்மா மேல எனக்குக் கோவம் போயிருச்சுன்னு மேடையில சொல்லிராதீங்க. சாயம் போகாத துணி, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டோம். மூன்றாம் வரிசையில் அவர் அமர்ந்திருக்கிறார்.

மடலில் என்ன எழுதட்டும் என்று தங்களிடம் கேட்டோம். புகழ் வேண்டாம் என்பீர்கள் என்று எண்ணினோம். தாங்களோ, "தேறுன பிள்ளைங்க பேரையெல்லாம் நீங்களே போடுவீங்க. ஜெயா பேரையும் போடுங்க. அது தமிழ்ப் பேரு. அதையாவது தமிழ்ல எழுதிச் செவுத்துல மாட்டிக்கிறேன்" என்றீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் காலமெல்லாம் தங்கள் கண்முன் இருக்கப்போகும் மடலில் அந்தப் பெயர் வேண்டுமா என்று நாங்கள் தயங்கினோம். தாங்கள் தயங்கவில்லை. ஆதலால் எழுதினோம்.

ஆன்றோர் போற்றும் அம்மையீர்! நடந்து நடந்து தேய்ந்த தங்கள் பாதங்கள் இனி நிழலில் இளைப்பாறுக! நோய் நெருங்காமல், நெஞ்சு நோகாமல், பல்லாண்டு நலமோடும் வளமோடும் வாழ்ந்திடுக! தாங்கள் அழைத்து வந்த பிள்ளைகளின் பிள்ளைகள் தங்கள் வாசல் தேடி வந்து வணங்கும் நாளைத் தாங்கள் கண்குளிரக் காண்க! எங்கோ ஒரு வீட்டில், என்றோ ஒரு நாள், ஜெயா தன் மகளைத் தமிழில் ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைப்பாளாக என்று, தங்களோடு சேர்ந்து நாங்களும் அந்த மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றும் பேறு பெற்ற
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
மலாக்கா, 1966.