இடது கை

— டிவியில கோட்டுப் போட்டுக்கிட்டு நின்னது நம்ம கலையரசன் சாரான்னு அம்மா கேட்டுச்சு. ஆமான்னேன். டக்குன்னு எந்திரிச்சுக் கோயிலுக்குப் போயிடுச்சு. நீங்க ஏன் சார் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க.

— அம்மாவுக்கு எம்மேல கோவமா, சிவரஞ்சனி?

— அதுக்கு என்னா தெரியும் சார். நம்மூர்க்காரரு இந்தியாவுக்கு எதிர்ல நிக்கிறாரேன்னு அதுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொதல்ல மாலத்தீவு, அப்பறம் பஹ்ரைன், இப்ப கஜகஸ்தான் பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீமுக்கு சார்தான் கோச்சுன்னு சொல்லியிருக்கேன். காப்பி போடவா?

— வேணாம்மா. திருச்சி ஏர்போர்ட்லேருந்து நேரா ஒன்னையப் பாக்கத்தான் வரேன். ரெட்டிபாளையத்துல எங்க வூட்டுக்குக்கூட இன்னும் போவல.

— அப்படி என்னா சார் அவசரம்?

— பாங்காக்ல இந்தியாவோட ஆடுன மேட்ச்சுதான். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஒன்னைய எப்படி மடக்குறதுன்னு எங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தாம்மா.

— எங்க புள்ளைங்களா?

— வாய்ல வந்துடுச்சு. மன்னிச்சுக்க.

— ஆட்டம் ஆரம்பிச்சதுமே தெரிஞ்சிடுச்சு சார். அந்த ஒசரமான புள்ள என் வலது பக்கத்த மட்டும் அடைச்சுக்கிட்டே நின்னுச்சு. இந்தப் பக்கம் போடி போடின்னு வழி வுட்ட மாதிரி இருந்துச்சு. போனேன். போனப்பல்லாம் பந்தப் பறிகுடுத்தேன்.

— எடது கையால தட்டிக்கிட்டு ஓடுனா ஒனக்குப் பந்து நிக்காது. அது ஒலகத்துலயே எனக்கு மட்டுந்தான் தெரியும்.

— கடைசியில பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க.

— பாத்தேன். துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருந்த. இந்தப் பக்கம் என்னா மூள, என்னா மூளைன்னு என்னையத் தூக்கி வச்சுக் கொண்டாடுறானுங்க. ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. அடுத்த இந்தியா கேம்ப்புக்கும் ஒம் பேரு இல்லையாமே?

— இல்ல சார்.

— சம்பளம் குடுக்குறவனுக்கு உண்மையா இருக்கணும்னு எனக்கு நானே சொல்லிப் பாத்துக்கிட்டேன். எடுபடலம்மா.

— அதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? அது ஒங்க வேல. ஒங்க டீமுல ஒருத்திக்கு இப்படி ஒரு கொறைன்னு எங்க கோச்சுக்குத் தெரிஞ்சிருந்தா அவரும் அதத்தான் செஞ்சிருப்பாரு. அத நான் தப்பாவே நெனைக்கல.

— நெசமாத்தான் சொல்றியா?

— எங்கம்மா மேல சத்தியமா. ஆனா வேற ஒண்ணு மனசுல கெடந்து ஓடிக்கிட்டே இருக்கு சார். கேக்கட்டா?

— என்னா வேணாலும் கேளு.

— பெரம்பலூர் கிரவுண்டுல ஒங்ககிட்ட ஆடுனப்ப, எடது பக்கம் போவாத, வலதுலயே போ, வலதுலயே போன்னு கத்துவீங்கள்ல?

— ஆமா. கத்துவேன்.

— ஏதோ சாரு பிளானுன்னு நெனச்சேன். நாமளும் கப்பு மேல கப்பா ஜெயிச்சோம்.

— அந்தக் கப்ப வச்சுத்தான் மாலத்தீவுல என்னைய எடுத்தாங்க. இல்லங்கல. எல்லாம் ஒன்னாலதான்.

— அந்த ஒசரமான புள்ளைக்கு என் எடது கை வெளங்காதுன்னு நீங்க அங்க போன கொஞ்ச நாள்லயே சொல்லிட்டீங்க. அத்தன வருசம் ஒங்ககிட்டயே கெடந்தேனே, என்கிட்ட ஏன் சார் சொல்லல?