நிறுத்திய மாத்திரை

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம். நீங்களும் உட்காருங்கள், வாக்குமூலத்தை நின்றுகொண்டே எழுதினால் கையெழுத்து கோணிப்போகும்.

பதினேழு வருடமாக, எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அவரிடம் யாரை அனுப்புவது, யாரை அப்படியே வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் என் பொறுப்பு.

இந்தத் தாய்மார்களை உங்களுக்குத் தெரியாது. பிள்ளை தும்மினாலும் மாத்திரையின் மேல்தான் பழி. கெட்ட கனவு கண்டு அலறுகிறான் என்று ஒருத்தி வருவாள். கண் மஞ்சளாகிவிட்டது என்று இன்னொருத்தி. இவர்களைக் கேட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்போல.

ஒரு மருந்துப் பெட்டியில் மட்டும் சின்ன மஞ்சள் அட்டை ஒன்று வரும். காய்ச்சல், தடிப்பு, வாந்தி சேர்ந்து வந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லும். ஒவ்வாமையால் நிறுத்திவிட்டால் வாழ்நாளில் மறுபடி கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உயிர் போகலாம் என்றும் இருக்கும். நல்ல அட்டைதான். ஆனால் எழுதியவர் இந்தப் பெண்களைப் பார்த்ததில்லை. படித்தால் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுவார்கள். ஆகவே அட்டையை எடுத்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுப்பேன். என் இழுப்பறையில் நீங்கள் எடுத்த கட்டு அதுதான்.

இறந்த பிள்ளையின் தாய் தையல்கூடத்தில் சட்டைக்குக் காஜா எடுக்கிறவள். மகளுக்கு ஆறு வயது. வாயாடி என்று கூப்பிடுவோம். அட்டை வரும் அந்த மருந்தைத் தொடங்கிய இரண்டாவது வாரம் தாய் வந்து நின்றாள்.

"மேடம், மருந்து குடிச்ச ரெண்டு மணி நேரத்துல உடம்பு அனலா கொதிக்குது. வாந்தி எடுக்கிறா. வயித்துல எல்லாம் செவசெவன்னு தடிப்பு. ஒவ்வொரு வேளைக்கும் கூடிக்கிட்டே போகுது."

அட்டையைப் பார்க்காமலே அட்டையில் இருப்பதை ஒப்பித்தாள். எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றேன். இரண்டு பேருமே இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஐந்து நாள் கழித்து மகளோடு மறுபடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். நாலு நாளா நிறுத்திட்டேன். இப்ப நல்லா ஓடியாடுறா. வேற மருந்து இருந்தா குடுங்களேன்."

வேறு மருந்து அலமாரியில் இருந்தது. டாக்டரும் மறுநாள் வருவதாக இருந்தார். ஆனால் வெளியே பெஞ்சில் ஒன்பது தாய்மார்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காஜாக்காரி என்னை மீறி நிறுத்தினாள், அவள் செய்ததுதான் சரி என்று ஆகிவிட்டால் நாளைக்கு என் பேச்சை யார் மதிப்பார்கள்?

அதே மாத்திரையைத் தண்ணீரில் நானே கரைத்தேன்.

"இது வேணாம் ஆன்ட்டி, வயிறு வலிக்கும்" என்றாள் வாயாடி.

"குடிச்சா பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் தருவேன்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையை நீட்டினாள். ஸ்டிக்கரைக் கொடுத்தேன். நான் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை.

பிரிவை மூடுவதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, நாடி கிடைக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்த அட்டையை என்னைவிட அதிகமாகப் படித்தவர்கள் அங்கே யாரும் இல்லை. தெரிந்தேதான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் இரக்கம் இல்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் நடுவுல நிறுத்தினதாலதான் மேடம் இப்படி ஆச்சு?"

ஆமாம் என்றேன். ஏதாவது ஒரு காரணம் தெரிந்தால்தானே பெற்றவளுக்கு மனம் ஆறும்.