எட்டு எண்ணும் எஞ்சின்

எழுபதுகளில் ஒரு நாள் காலை, கோயமுத்தூர் பஸ் வாளையாறு செக்போஸ்டில் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்:

"தரையை உட்டு எழும்பாத பிளேன் ஒண்ணு, ஒரு பைலட்டோட காலை ஒடிச்சிருச்சு அம்மிணி."

"அதெப்படிங்க?"

"எங்க ஏர்ஃபோர்ஸ் கேம்ப்புல பைலட்டுகளுக்குப் பழக்கறதுக்குன்னு ரூமுக்குள்ள ஒரு பொம்மைப் பிளேன் வெச்சிருக்கறோம். அதுல புது ஜெட் எஞ்சின் கணக்குத்தான் இருக்குது. லீவரைத் தள்ளுனா, மூணு எண்றதுக்குள்ள வேகம் புடிச்சுக்கும். பழைய எஞ்சினுக்கு எட்டு எண்ணோணும். அவன் நெசமா ஓட்டுனது பழைய எஞ்சின். எறங்கறப்ப லீவரைத் தள்ளிட்டு, வேகம் வந்துரும்னு நம்பியிருக்கறான். வாரதுக்குள்ள தரையில மோதிருச்சு."

"இந்த வித்தியாசம் உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"தெரியும். பொம்மைப் பிளேனைப் பாத்துக்கறதே நாந்தான். அஞ்சு எண்றதுல என்ன ஆயிரப் போவுதுன்னு உட்டுட்டேன்."

"மேல இருக்கறவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இன்னும் இல்லை. சொல்லலாம்னு இருந்தேன், லீவு கெடச்சுது, வந்துட்டேன்."

பஸ் கிளம்பியது.

"ஏனுங்க, இப்பவும் அதுல யாராச்சும் பழகறாங்களா?"

"ரெண்டு பேரு."

"எங்கண்ணன் ஊட்டு விசேசத்துக்கு நான் போய்க்கறேன். நீங்க ஸ்டேசன்ல எறங்கி, கெடைக்கிற ரயில்ல ஏறிக் கேம்ப்புக்குப் போங்க."

"துணிமணியெல்லாம் ஊட்டுல கெடக்குதே."

"பார்சல்ல அனுப்பறனுங்க."

கோயமுத்தூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றதும் அவர் வெறுங்கையோடு இறங்கிப் போனார்.