குயிலுக்குக் குரல் கொடுத்தவள்

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், ஐயா. தப்பாக நினைக்காதீர்கள், தொண்டைக்கு ஆகாது. ஐஸ்கிரீம், எண்ணெயில் பொரித்தது, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாவற்றையும் பத்தொன்பது வயதிலேயே விட்டுவிட்டேன். வெதுவெதுப்பாக ஒரு தம்ளர் கிடைத்தால் போதும். அந்த மைக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஒரு சாண் தூரம் இருக்கட்டும். வாய்க்கு நேராக இருந்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் வெடிக்கும். பிறகு போட்டுக் கேட்கும்போது உங்களுக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழமாட்டேன். அழுதால் குரல் கட்டிக்கொள்ளும்.

அக்காவைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாற்பத்து மூன்று படங்கள். முகம் கொஞ்சம் தளர்ந்ததும் தொலைக்காட்சி. ஆறு வருடம், தினமும் மாலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு வீடு மாமியாராக வந்துபோனார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் குயில். இறந்த மறுநாள் எல்லாச் சேனலிலும் அதே வரிதான் ஓடியது, குயில் ஓய்ந்தது என்று. அந்தக் குயில் ஒரு படத்திலும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது தொழிலுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர் உதட்டை அசைப்பார். பேசியது நான்.

அவர் குரலை முதலில் கேட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. டப்பிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சும் துணியும், எதிரே ஒரு திரை. படப்பிடிப்பில் நடிகை பேசியது ஹெட்போனில் வரும். அதைக் கேட்டு அந்த உதட்டுக்கும் அந்த மூச்சுக்கும் பொருந்துகிற மாதிரி நாம் பேச வேண்டும். திரையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. உதடு பிரிந்தது. தகர நாற்காலியைச் சிமெண்ட் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் என் காதுக்குள் வந்தது. அதன் அடியில் சளி. ஒவ்வொரு சொல்லோடும் கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

“என்னம்மா, சாப்பிட்டது ஒத்துக்கலயா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

ஆமாம் என்றேன்.

உலகம் முழுக்க அவர் முகத்தையும் என் குரலையும் சேர்த்து ரசித்தது. அவருடைய சொந்தக் குரலைக் கேட்கிற வேலை எனக்கு. ஒரு காட்சிக்கு இருபது தடவை கேட்பேன். கறைபட்ட துணியைத் துவைப்பதுபோல அந்த உதட்டிலிருந்து அந்தச் சத்தத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டு என் குரலை வைப்பேன். ரீல் முடிந்து பார்த்தால் அவர் சுத்தமாக இருப்பார். அதில் எனக்கு ஒரு நிம்மதி. முப்பத்தொரு வருடம் அந்த நிம்மதியில்தான் தூங்கினேன்.

அவர் நல்லவர். அதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தொண்டை என்றுதான் கூப்பிடுவார். “என் தொண்டை வந்தாச்சா? அவ வராம நான் வாயத் திறக்க மாட்டேன்பா” என்று செட்டே சிரிக்கும்படி சொல்வார். கேலிதான், மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் படப்பிடிப்பை விட்டுவிட்டு வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். வந்தவர் சும்மா இருக்கமாட்டார், பேசுவார். அந்தக் குரலில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பேன்.

விழாக்களில் அவர் பேசியதில்லை. விருதை வாங்குவார், கைகூப்புவார், சிரிப்பார், இறங்கிவிடுவார். அடக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. வானொலியிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ தொலைபேசியில் பேட்டி கேட்டால் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவராகப் பேசுவேன். சொல்ல வேண்டியதை ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். போகப்போக அதுவும் தேவைப்படவில்லை. அவர் என்ன சொல்வார் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

தொடரின் கடைசி வருடம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மேக்கப் அறையில் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

“வயசான அம்மா வேஷம்தானே. இனிமே நானே பேசலாம்னு பார்க்கறேன். டைரக்டர் சரின்னுட்டார். நீ என்ன சொல்ற?”

“உங்க இஷ்டம் அக்கா” என்றேன்.

அன்று மாலை இயக்குநருக்குப் போன் செய்தேன், அவர் குரலில். அதாவது என் குரலில். எனக்கு எப்போதுமே அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்ததில்லை. யோசித்துப் பார்த்தேன் தம்பி, வேண்டாம், இதைப் பற்றி நேரில் எதுவும் கேட்காதே, எனக்குக் கூச்சமாக இருக்கும் என்றேன். அவரும் பெரிய மனிதராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனபடியால் அக்கா மறுத்துவிட்டார் என்று இயக்குநரும், இயக்குநர் கைவிட்டுவிட்டார் என்று அக்காவும் நினைத்துக்கொண்டார்கள். அக்கா என் மடியில் தலையை வைத்து அழுதார். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அந்தத் தகரக் குரலில் அழுதார். என் புடவை எச்சிலிலும் கண்ணீரிலும் நனைந்து ஊறியது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புடவையைக் குப்பையில் போட்டேன். தொடர் முடிந்தபின் அவர் நடிக்கவில்லை.

அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளைகள் இல்லை. போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கும் வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை, போனேன். பத்து மாதம் நான்தான் எல்லாம் செய்தேன். குளிப்பாட்டினேன், மலம் அள்ளினேன். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, ஐயா. உடம்பு என்றால் அப்படித்தான் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்.

பேச்சுதான் போகவில்லை. பேச்சு நின்றுபோகும் என்று நினைத்தேன், வாய் கோணியும் நிற்கவில்லை. முன்பு சளியோடு வந்தது, இப்போது கஞ்சியோடு வந்தது. ஒரு வாய் ஊட்டினால் விழுங்குவதற்குள் எதையாவது சொல்வார். சோறும் எச்சிலும் சொற்களுமாகத் தாடையில் வழியும். அந்த முகத்தில். ரசிகர்கள் பெட்டி பெட்டியாகக் கடிதம் எழுதிக் கொண்டாடிய அதே முகத்தில். நான் துடைத்துவிடுவேன், மறுபடி வழியும்.

வாரத்துக்கு மூன்று நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பா, பா, பா. மழை, கிழமை, வாழை. அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் போனபிறகும் தனியாக உட்கார்ந்து சொல்வார். நான் அடுத்த அறையில் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வேன். அந்தப் பெண்தான் பெரிய சிவப்புப் பொத்தான் வைத்த போன் ஒன்றைக் கட்டிலோரம் வைத்தாள். ஒரு தடவை அழுத்தினால் நேரே அவசர உதவிக்குப் போகும்.

பிறகுதான் சேனலிலிருந்து ஒரு தம்பி வந்தார். மூத்த நடிகர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே மரியாதை செய்ய வேண்டும் என்றார். வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா நல்ல கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“நான் பேசறேன்” என்றார். “இந்தக் குரல்லதான் பேசுவேன். அந்தக் குரல் என்னுது இல்ல. இதோ நிக்கறாளே, இவளோடது. அதைச் சொல்லிட்டுத்தான் போவேன்.”

இவ்வளவையும் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. மார்பெல்லாம் எச்சில். அந்தத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படியேதாம்மா வேணும். ஒண்ணும் மாத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை கேமரா கொண்டு வரேன்” என்றார்.

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “சந்தோஷமாடி? இத்தனை வருஷமா உன் பேரை முழுங்கிட்டேன். இனிமே உலகத்துக்கே தெரியும்.”

உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, தெரியும். பொறாமையில் செய்தேனா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பெயர் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை வரை நான் சும்மா இருந்திருந்தாலே போதுமே. எனக்குப் பெயர் வேண்டாம். என் குரல் என்று தெரிந்தால் அதற்கு என் முகத்தை அல்லவா ஒட்டுவார்கள். நான் கண்ணாடி பார்க்காதவள் இல்லை. அவருடைய முகத்துக்குத் தகரத்தைக் கொடுத்து, என் குரலுக்கு இந்த முகத்தைக் கொடுத்து, முப்பத்தொரு வருட வேலையை ஒரு வெள்ளிக்கிழமையில் நாசம் பண்ணப் பார்த்தார். அதை அவர் அன்பு என்று நினைத்தார்.

புதன்கிழமை பகல் இரண்டு மணி இருக்கும். கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ விழுந்தது. பிறகு பேச்சுச் சத்தம். பயிற்சி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டு எண்ணும் தெருப் பெயரும் காதில் விழுந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

கட்டிலுக்குக் கீழே கிடந்தார். முகத்தின் நல்ல பக்கமும் தொங்கிப்போயிருந்தது. போன் நெஞ்சின் மேல் இருந்தது.

“மூச்சு விட முடியல. சீக்கிரம் வாங்க. கீழ வீடுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழில் தெரிந்தவள் சொல்கிறேன், ஐயா. அவர் அவ்வளவு திருத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எண்ணில் ஓர் இலக்கம்கூடக் குழறவில்லை. ‘ழ’கூடச் சுத்தமாக விழுந்தது. குரல்தான் அதே குரல்.

என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு தெளிவு வந்தது. பேச்சை நிறுத்தினார். போனை அவரே என்னிடம் நீட்டினார். பேச வேண்டிய இடத்தில் நான் இருந்தால் அவர் பேசமாட்டார். பழக்கம்.

“ஹலோ, லைன்ல இருங்க, வண்டி அனுப்பறேன்” என்றது ஓர் இளைஞனின் குரல்.

மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கங்க தம்பி. தெரியாம பொத்தான அழுத்திட்டேன். டிவில ஏதோ நாடகம் ஓடுது, அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும். இங்க எல்லாம் நல்லா இருக்கோம்.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க, அவங்கதானே? இந்தக் குரல எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிருவேன்மா. எங்கம்மா ஒரு நாள்கூட உங்க தொடர விட்டதில்ல.”

“அப்படியா. அம்மா சௌக்கியமா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்கம்மா. நீங்க பேசினீங்கன்னா நம்பவே மாட்டாங்க.”

“நான் விசாரிச்சதா சொல்லுங்க” என்று வைத்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் தெரிந்த அவருடைய குரல், அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைக் கேட்டிருக்கிறார். வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது, அதற்குள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். போனைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி முதலில் கொஞ்சம் கேட்டது. அருவருப்பாக இருந்தது, கரண்டியை வேகமாகத் தேய்த்தேன். நாற்பது நிமிடம் கழித்துக் குழாயை மூடினேன். வீடு அமைதியாக இருந்தது.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, துடைத்து, தலை வாரினேன். தாடைக்குக் கீழே துணி கொடுத்து வாயைச் சேர்த்துக் கட்டினேன். அரைமணி நேரத்தில் முகம் பழைய அமைப்புக்கு வந்தது. அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை வரும் என்று எதிர்பார்த்ததுதான் என்றார் அவர்.

மறுநாள் செய்தியில் இறந்த நேரத்தைச் சொன்னதும் அந்த அவசர உதவித் தம்பிக்கு உறுத்தியிருக்கிறது. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். நல்ல பையன், அவனைத் திட்டாதீர்கள். வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். பிழைக்கக் கூடாது என்றுதான் வண்டியை நிறுத்தினேன். நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று அந்தத் தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். நீதிமன்றத்திலும் போடுவோம் என்றீர்கள். அங்கே போனால் வெளியே வந்துவிடும், சேனல்காரர்கள் விடமாட்டார்கள். முதல் இருபத்திரண்டு வினாடியை மட்டும் வெட்டிவிடுங்கள். என் குற்றத்துக்கு அத்தாட்சி அதற்குப் பிறகுதானே வருகிறது. இத்தனை பேர் அவருக்காக அழுதுகொண்டிருக்கும்போது அந்த அசிங்கத்தை யாரும் கேட்க வேண்டாம். இதை எனக்காகக் கேட்கவில்லை. ‘மன்னிச்சுக்கங்க தம்பி’ என்று தொடங்குகிற இடத்திலிருந்து போடுங்கள். அங்கிருந்து அவர் மிக நன்றாகப் பேசுகிறார்.